எச்.என்.எஃப்.1ஏ சர்க்கரை நோய்: மாத்திரையா, இன்சுலினா, புதிய மருந்தா?

மரபணுப் பரிசோதனை முடிவில் ‘எச்.என்.எஃப்.1ஏ’ என்ற மரபணுவின் பெயரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். முதல் வகை என்று சொல்லப்பட்டுப் பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர், “மாத்திரையே போதும் என்கிறார்களே, நம்பி ஊசியை நிறுத்தலாமா?” என்று கேட்கிறார். இரண்டாம் வகை என்று மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருபவரோ, “சல்ஃபோனைல்யூரியா பழைய மருந்து, சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும் என்றுதானே படித்தேன்? அதையா எனக்கு எழுதுகிறார்கள்?” என்கிறார்.

இருவரின் தயக்கமும் நியாயமானதுதான். வழக்கமான சர்க்கரை நோய்க்கு எழுதப்பட்ட மருந்து வரிசை இந்த மரபணுவிடம் வந்ததும் தலைகீழாகிவிடுகிறது. அங்கே முதலில் நிற்கும் மெட்ஃபார்மினுக்கு இங்கே வேலை குறைவு. அங்கே பின்னுக்குப் போய்விட்ட மலிவான பழைய மாத்திரைதான் இங்கே முன்னுக்கு வருகிறது. ஆனால் அது எல்லோருக்கும், எல்லாக் காலத்துக்கும் பொருந்துவதில்லை. எது யாருக்கு என்பதைத்தான் இங்கே எடைபோடப் போகிறோம்.

## வரிசை ஏன் தலைகீழாகிறது?

எச்.என்.எஃப்.1ஏ மரபணு 12-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது. 631 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்துக்கான குறிப்பு அதில் உள்ளது. அந்தப் புரதம் ஒரு படியெடுத்தல் காரணி: டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் இரண்டிரண்டாகச் சேர்ந்து அமர்ந்து, மற்ற மரபணுக்களை வேலைக்கு எழுப்பிவிடும். கல்லீரல், சிறுநீரகம், குடல், கணையம் நான்கிலும் அதற்குப் பணி உண்டு. இதில் ஏற்படும் பழுது, தலைமுறை தலைமுறையாக இளம் வயதிலேயே வரும் ஒருவகைச் சர்க்கரை நோய்க்குக் காரணம் என்று 1996-இல் கண்டறியப்பட்டது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும், நோய் வரும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு சரிபாதி.

மருந்துத் தேர்வைத் தீர்மானிப்பது கணையத்தின் பீட்டா செல்லுக்குள் நடப்பதுதான். வழக்கமாக, ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது அது பீட்டா செல்லுக்குள் நுழைந்து எரிக்கப்படுகிறது. அதில் கிடைக்கும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு செல்சவ்விலுள்ள பொட்டாசியம் வாயிலை மூடுகிறது. வாயில் மூடியதும் கால்சியம் உள்ளே பாய்கிறது, இன்சுலின் வெளியேறுகிறது. எச்.என்.எஃப்.1ஏ பழுதானவர்களிடம் சர்க்கரையை எரித்து ஆற்றலாக்கும் கட்டம் தடுமாறுகிறது. வாயிலும் இன்சுலினும் இருக்கின்றன, அவற்றுக்குச் சேதி போய்ச் சேருவதில்லை. சல்ஃபோனைல்யூரியா மாத்திரை பழுதான கட்டத்தைத் தாண்டிப் போய், அந்த வாயிலை நேரடியாக மூடிவிடுகிறது. அழைப்புமணியின் கம்பி அறுந்த வீட்டில் கதவையே தட்டுவது போன்ற வேலை இது.

உடலில் இன்சுலினுக்கு எதிர்ப்பும் இந்த நோயில் பெரும்பாலும் இல்லை. இருக்கும் சிறிதளவு இன்சுலினும் நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் மிகச் சிறிய மருந்தளவு கூடச் சர்க்கரையை வெகுவாக இறக்குகிறது. இந்த மாத்திரையின் நன்மையும் அபாயமும் இந்த ஒரே காரணத்திலிருந்து வருகின்றன.

சிறுநீரகத்தின் பங்கும் இங்கே முக்கியம். வடிகட்டிய சர்க்கரையை மீட்டெடுக்கும் எஸ்.ஜி.எல்.டி.2 என்ற கடத்தியின் உற்பத்தியும் இந்தக் காரணியை நம்பியிருக்கிறது. பிறருக்கு ரத்தச் சர்க்கரை 180 மி.கி. அளவைத் தாண்டும்போது சிறுநீரில் சர்க்கரை வரும் என்றால், இவர்களுக்கு அதற்கு வெகு முன்னரே வந்துவிடும். நோய் வெளிப்படும் முன்பே சிறுநீரில் சர்க்கரை தென்பட்ட பிள்ளைகள் பல குடும்பங்களில் உண்டு.

## எடைபோட வேண்டிய அளவுகோல்கள்

எல்லாவற்றுக்கும் முந்தியது, பரிசோதனை முடிவு எவ்வளவு உறுதி என்பது. இதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எச்.என்.எஃப்.1ஏ-யில் மாற்றம் இருக்கிறது என்பதாலேயே உங்கள் நோய்க்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. அறிக்கையில் ‘நோய் உண்டாக்குவது’ அல்லது ‘நோய் உண்டாக்கக்கூடியது’ என்று இருந்தால் அதை வைத்து மருந்தை மாற்றலாம். ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’ என்று இருந்தால், அதை மட்டும் நம்பி யாரும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. இதே மரபணுவில், தனித்து நோயை உண்டாக்காமல், வழக்கமான இரண்டாம் வகை வரும் வாய்ப்பை மட்டும் கூட்டும் மாற்றங்களும் இருக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஓஜி-கிரீ பூர்வகுடி மக்களிடமும், மெக்சிகோ மக்களிடமும் அப்படிப்பட்ட மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஆக, மரபணுவின் பெயரைவிட, அதற்குள் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். குடும்பத்தில் நோய் உள்ளவர்களுக்கெல்லாம் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அடுத்தது, கணையத்தில் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பது. இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கும் சி-பெப்டைடை அளக்கும் ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லும். கூடவே, முதல் வகை நோய்க்கான எதிர்ப்புரதங்கள் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். நோய் வந்து எத்தனை ஆண்டாயிற்று என்ற கணக்கும் இதோடு சேரும்.

மூன்றாவது, சர்க்கரை திடீரென இறங்கினால் உங்களுக்கு என்ன ஆகும் என்பது. வண்டி ஓட்டுபவர், உயரத்தில் வேலை செய்பவர், தனியாக வசிக்கும் முதியவர் ஆகியோருக்கு ஒரே ஒரு தாழ்சர்க்கரைச் சம்பவம்கூடப் பெரிய விபத்தாகலாம். உடல் எடை, சிறுநீரகத்தின் நிலை, கர்ப்பத் திட்டம், அன்றாடம் ஊசியும் பரிசோதனையும் கேட்கும் உழைப்பு ஆகியவை அதன் பிறகு வரும்.

மரபணுவால் வந்த நோய் என்பதால் இது லேசானது என்று நினைத்துவிட வேண்டாம். ஜி.சி.கே. மரபணுவால் வரும் வகைதான் லேசானது. அதற்குக் கர்ப்பகாலம் தவிர மருந்தே பெரும்பாலும் தேவையில்லை. எச்.என்.எஃப்.1ஏ வகையில் சர்க்கரை ஆண்டுக்காண்டு ஏறும். கட்டுப்பாடு தவறினால் கண், சிறுநீரகம், நரம்பு மூன்றும் மற்ற வகைகளில் போலவே கெடும்.

## உணவுக் கட்டுப்பாடு மட்டும்

தொடக்க காலத்தில், அதுவும் குடும்பப் பரிசோதனையில் முன்கூட்டியே கண்டறியப்பட்ட இளையவர்களுக்கு, இது போதுமானதாக இருக்கலாம். இந்த நோயில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நீண்டகாலம் சரியாகவே இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் எகிறும். ஆகவே மாவுச்சத்தின் அளவைக் குறைத்து, ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துச் சாப்பிட்டால் நல்ல பலன் கிடைக்கும்.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து காலைநேரப் பரிசோதனைதான். வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர்களுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகான ஏற்றம் கண்ணில் படாமலே போய்விடும். உணவை மட்டும் நம்பியிருப்பவர் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து பார்க்க வேண்டும். எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) ஏறத் தொடங்கிய பிறகும் “இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடாக இருந்து பார்க்கிறேன்” என்று மாதங்களைத் தள்ளுவதில் பயனில்லை. ஏற்றத்துக்குக் காரணம் உங்கள் ஒழுக்கக் குறைவு அல்ல.

## மெட்ஃபார்மின்

மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலின் சர்க்கரை உற்பத்தியைக் குறைத்து, இன்சுலின் எதிர்ப்பு உள்ள உடலுக்கு உதவுகிறது. எதிர்ப்பே இல்லாத இடத்தில் அதற்கு அதிகம் செய்ய முடிவதில்லை. 2003-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், எச்.என்.எஃப்.1ஏ நோயாளிகளுக்கு கிளிக்ளசைடும் மெட்ஃபார்மினும் மாற்றி மாற்றித் தரப்பட்டன. கிளிக்ளசைடு வெறும் வயிற்றுச் சர்க்கரையை மெட்ஃபார்மினைவிட 5.2 மடங்கு அதிகமாக இறக்கியது. அதே கிளிக்ளசைடு இரண்டாம் வகை நோயாளிகளிடம் இறக்கியதைவிட இவர்களிடம் 3.9 மடங்கு அதிகம் இறக்கியது.

எடை கூடி, இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்துகொண்டவர்களுக்குத் துணைமருந்தாக மெட்ஃபார்மின் பொருந்தும். தனியாக அதையே நம்பி ஆண்டுகளைக் கடத்துவது வீண்.

## சல்ஃபோனைல்யூரியா

பெரும்பாலானோர் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கிளிக்ளசைடு, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மூன்றும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்சுலினில் இருந்தவர்களைக்கூட மாத்திரைக்கு மாற்ற முடிகிறது. பிரிட்டனில் அப்படி மாற்றியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, மூன்று ஆண்டுகளுக்கு மேலான பிறகும் சுமார் பத்தில் ஏழு பேர் ஊசி இல்லாமலே இருந்தார்கள். பல வருடம் ஊசி போட்ட ஒருவருக்கு இது வாழ்க்கையையே மாற்றும் செய்தி.

எல்லாம் மருந்தளவில்தான் இருக்கிறது. வழக்கமான தொடக்க அளவில் கால் பங்கு போதும். சாதாரண கிளிக்ளசைடு என்றால் நாளுக்கு 20 முதல் 40 மி.கி. என்று தொடங்குவார்கள். இரண்டாம் வகை நோயாளிக்கு எழுதும் பழக்கத்தில் 80 மி.கி. எழுதிவிட்டால், முதல் வாரத்திலேயே சர்க்கரை 70-க்குக் கீழே போய், “இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று நோயாளி ஓடிவிடுவார். உண்மையில் மருந்து அளவுக்கு மீறி ஒத்துக்கொண்டுவிட்டது. ஆகவே புதிய மருத்துவரிடம் போகும்போது “எனக்கு எச்.என்.எஃப்.1ஏ வகை, சிறிய அளவே போதும்” என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

வெளியே தெரியாத செலவுகளும் உண்டு. சாப்பாட்டு வேளையைத் தள்ளிப்போட முடியாது. கடும் உடற்பயிற்சி, மது இரண்டும் சர்க்கரையை மேலும் இறக்கும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளுகோனசோல் போன்ற மருந்துகள் இதன் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும். எடை ஓரளவு கூடலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கிளிபென்கிளமைடு உடலில் தேங்கி நீண்டநேரத் தாழ்சர்க்கரையை உண்டாக்கும், ஆகவே அவருக்கு அது வேண்டாம். கல்லீரலில் பெரிதும் சிதையும் கிளிக்ளசைடு ஒப்பளவில் பாதுகாப்பானது. ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்கள் இந்தக் குடும்ப மருந்துகளைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

## கிளினைடுகள்

நேட்டிகிளினைடு, ரெபாகிளினைடு ஆகியவையும் அதே பொட்டாசியம் வாயிலைத்தான் மூடுகின்றன. ஆனால் வேகமாக வேலைசெய்து சீக்கிரம் ஓய்ந்துவிடும். சாப்பிட உட்காரும்போது ஒன்று, சாப்பிடாவிட்டால் மாத்திரையும் இல்லை. சாப்பிட்ட பின் எகிறுவதே இந்த நோயின் இயல்பு என்பதால் பொருத்தம் நன்றாக இருக்கிறது. சிறிய அளவு சல்ஃபோனைல்யூரியாவிலேயே சர்க்கரை இறங்கிப்போகிறவர்களுக்கும், வேளை தவறிச் சாப்பிட வேண்டிய பணியில் இருப்பவர்களுக்கும் இது உண்மையான மாற்று. விலையாகத் தர வேண்டியது, நாளுக்கு மூன்று தடவை மறக்காமல் மாத்திரை எடுக்கும் கவனம்.

## ஜி.எல்.பி-1 ஊசிகளும் கிளிப்டின்களும்

குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 ஹார்மோனைப் போல வேலைசெய்யும் ஊசிகளும், அந்த ஹார்மோன் சிதையாமல் காக்கும் கிளிப்டின் மாத்திரைகளும் இவை. சர்க்கரை உயரும்போது மட்டும் இன்சுலினைத் தூண்டுவது இவற்றின் பலம். 2014-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 16 பேருக்கு ஆறு வாரம் கிளிமிபிரைடும் ஆறு வாரம் லிராகுளூடைடு என்ற ஜி.எல்.பி-1 ஊசியும் தரப்பட்டன. இரண்டும் சர்க்கரையைக் குறைத்தன. தாழ்சர்க்கரைச் சம்பவங்கள் கிளிமிபிரைடில் 18, லிராகுளூடைடில் ஒன்றே ஒன்று. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த வித்தியாசத்தைப் புறக்கணிக்க முடியாது.

எடை கூடியவர்கள், தாழ்சர்க்கரைக்கு அஞ்ச வேண்டிய வேலையில் இருப்பவர்கள், இதயநோய் அபாயம் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். ஏற்கெனவே ஒல்லியாக இருக்கும் இளைஞருக்கு இது பொருந்தாது. பசியைக் குறைத்து எடையை இன்னும் இறக்கிவிடும். குமட்டல் பலருக்கும் வரும். கர்ப்பத்துக்கு முன்பே நிறுத்தவும் வேண்டும்.

லினாகிளிப்டின் போன்ற கிளிப்டின்கள் தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சல்ஃபோனைல்யூரியா மட்டும் போதாமல் போகும் கட்டத்தில், அதன் அளவைக் கூட்டுவதற்குப் பதில் இதைச் சேர்ப்பது நல்ல வழி. கிளிமிபிரைடோடு லினாகிளிப்டினைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், தாழ்சர்க்கரை கூடாமலே கட்டுப்பாடு மேம்பட்டது.

## எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான்கள்

இவற்றை இந்த நோயில் நான் முன்வைக்க மாட்டேன். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுவது இவற்றின் வேலை. அந்தக் கடத்தி இங்கே ஏற்கெனவே பலவீனம். அதைவிட முக்கியமாக, அடிப்படையில் இன்சுலின் போதாத உடலில் இம்மருந்துகள் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலப்பொருள்) தேங்கும் ஆபத்தை ஏற்படுத்தும். ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் அமிலத்தேக்கம் வரக்கூடும் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். இதய அல்லது சிறுநீரகச் செயலிழப்புக்காக இதயநோய் மருத்துவர் எழுதினால் கணக்கு வேறு. அப்போதும் சர்க்கரை மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது.

## இன்சுலின்

இன்சுலின் தோல்வியின் அடையாளம் அல்ல. சி-பெப்டைடு மிகவும் குறைந்துவிட்டவருக்கும், பல பத்தாண்டுகள் கழித்து மாத்திரையும் துணைமருந்தும் போதாதவருக்கும், பெரிய அறுவை சிகிச்சை அல்லது கடும் தொற்றுக் காலத்திலும் இதுவே சரியான மருந்து. முழுதாக மாறாமல், மாத்திரையோடு இரவில் ஒரு நீண்டநேர இன்சுலினைச் சேர்த்துக்கொள்ளும் நடுவழியும் உண்டு. தேவையே இல்லாத இளம் வயதில் அதைப் பழக்கமாகத் தொடர்வதுதான் நஷ்டம்: ஊசி, பரிசோதனைப் பட்டை, எடை, தாழ்சர்க்கரை எல்லாவற்றையும் சுமந்தும், மாத்திரையில் கிடைக்கும் கட்டுப்பாட்டைவிட அதிகம் கிடைப்பதில்லை.

| வழி | பலன் | தாழ்சர்க்கரை ஆபத்து | எடை | யாருக்குப் பொருத்தம் |
|---|---|---|---|---|
| உணவு மட்டும் | தொடக்கத்தில் நன்று | இல்லை | குறையலாம் | முன்கூட்டியே கண்டறியப்பட்டவர் |
| மெட்ஃபார்மின் | குறைவு | மிகக் குறைவு | மாறாது | எடை கூடியவருக்குத் துணையாக |
| சல்ஃபோனைல்யூரியா | மிக அதிகம் | உண்டு, அளவைப் பொறுத்தது | சற்றுக் கூடும் | பெரும்பாலானோர் |
| கிளினைடு | நன்று | குறைவு | சற்றுக் கூடலாம் | வேளை தவறிச் சாப்பிடுபவர் |
| ஜி.எல்.பி-1 | நன்று | மிகக் குறைவு | குறையும் | எடை கூடியவர், ஓட்டுநர் |
| கிளிப்டின் | துணையாக நன்று | மிகக் குறைவு | மாறாது | மாத்திரை மட்டும் போதாதவர் |
| எஸ்.ஜி.எல்.டி.2 | ஐயத்துக்குரியது | குறைவு | குறையும் | வேறு நோய்க்குத் தேவையெனில் மட்டும் |
| இன்சுலின் | தேவைக்கேற்ப | உண்டு | கூடும் | சுரப்பு வற்றியவர், கர்ப்பிணி |

## கர்ப்பம் என்றால் கணக்கே வேறு

கர்ப்பத் திட்டம் இருக்கும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே மருந்தைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நல்ல கட்டுப்பாட்டில் இருப்பவர் கருத்தரிக்கும் முன்பே இன்சுலினுக்கு மாறலாம். அல்லது, சல்ஃபோனைல்யூரியாக்களில் கர்ப்பகால அனுபவம் அதிகமுள்ள கிளிபென்கிளமைடுக்கு மாறி, பின்மாதங்களில் இன்சுலினுக்குப் போகலாம். அந்த மாத்திரை நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பதும், பிறந்ததும் சர்க்கரை இறங்குவதும் இதன் ஆபத்துகள். மாற்றம் நடந்துகொண்டிருக்கும் வாரங்களில் சர்க்கரை தறிகெட்டுப் போவதும் குழந்தைக்குக் கெடுதல் என்பதால், கருத்தரித்த பிறகு அவசர அவசரமாக மாத்திரையைத் தூக்கியெறிய வேண்டாம்.

கர்ப்பத்தில் கட்டுப்பாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மரபணு மாற்றத்தைப் பெற்ற பிள்ளைகளில், கர்ப்பகாலத்தில் தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தவர்களுக்குச் சராசரியாக 15.5 வயதில் நோய் கண்டறியப்பட்டது, இல்லாதவர்களுக்கு 27.5 வயதில். அந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் கருவறைச் சர்க்கரைக்கும் பங்கு இருப்பதாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பெண்களுக்கு இன்னொரு செய்தி. கல்லீரல் செல்களில் இந்த மரபணுவின் மீதிப் பிரதியும் பழுதானால் அடினோமா என்ற கட்டிகள் வரலாம். அவை அரிது, ஆனால் சில சமயம் வெடித்து ரத்தம் கசியும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும் முன், கல்லீரலை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

## ஊசியிலிருந்து மாத்திரைக்கு

மாற முடிவெடுத்தால், தானாகச் செய்ய வேண்டாம். மரபணுப் பரிசோதனை முடிவு உறுதியானதா, எதிர்ப்புரதம் இல்லையா, சி-பெப்டைடு இருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் சரிபார்க்க வேண்டும். நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்கள் சீக்கிரமே மாறிவிடலாம். இருபது, முப்பது ஆண்டு இன்சுலினில் இருந்தவர்கள் மாத்திரையைச் சேர்த்துக்கொண்டே இன்சுலினைப் படிப்படியாகக் குறைப்பார்கள். சிலருக்கு ஒரு சிறிய இரவு ஊசி மிஞ்சியே இருக்கும்.

முதல் சில வாரங்களில் வெறும் வயிற்றிலும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும், படுக்கும் முன்பும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை தொடர்ந்து 250-க்கு மேல் நின்றாலோ, வாந்தியோடு கீட்டோன் தென்பட்டாலோ, அன்றே இன்சுலினைத் திரும்பத் தொடங்கி மருத்துவரிடம் போக வேண்டும். எனவே வீட்டில் இருக்கும் இன்சுலினையும் கீட்டோன் பட்டைகளையும் முதல் எச்பிஏ1சி முடிவு வரும்வரை, அதாவது மூன்று மாதத்துக்கு, தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.